முடிச்சில்லாத பின்னல்

கைத்தொலைபேசியில் குரோசே பழக்குகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு. கொக்கி ஊசியை இப்படிப் பிடியுங்கள், நூலை இப்படிச் சுற்றுங்கள், பிழைத்தால் பயப்பட வேண்டாம், ஒரு இழுவை இழுத்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம். இதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வேறு. அந்த இடம் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு இழுவையில் எல்லாம் அவிழும் என்பது எனக்குப் பதினொரு வயதிலேயே தெரிந்துபோயிற்று. எனக்கு அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்லித்தரவில்லை.

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. அப்பா கடலுக்குப் போகிறவர். புலமைப்பரிசில் பரீட்சையில் நான் தப்பித் தவறி நல்ல புள்ளி எடுத்துவிட்டேன். அதனால் கரைப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பிடுங்கி, பட்டினத்துக்குள் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நட்டார்கள். அங்கே என் வகுப்பில் கரையிலிருந்து வந்த பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவள் கெட்டிக்காரி. எங்கே இருந்து வருகிறாய் என்று யார் கேட்டாலும் மாமா வீட்டு விலாசத்தைச் சொல்லித் தப்பிவிடுவாள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கைவேலை படிப்பித்த ரீச்சர் கஞ்சி போட்ட சேலையில் வருவார். அவருடைய மேசை லாச்சியில் சவர்க்காரமும் சின்னத் துவாயும் இருக்கும். நூலைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் கை கழுவ வேண்டும். நாற்பது பேரும் வரிசையில் நின்று கழுவுவோம். கழுவி வந்த பிறகு ஒருத்தியின் கையை மட்டும் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். அந்த ஒருத்தி நான். ரீச்சர் எல்லாரையும் போலத்தான் என்னையும் பார்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன் என்றால் பாருங்கள், நான் எவ்வளவு பெரிய மோடு.

முதலில் இரண்டு ஊசிப் பின்னல் பழக்கினார். அது எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஒரு வரிசைக் கண்கள், அதாவது நூல் வளையங்கள், முழுவதும் ஊசியில் கோத்தபடி உயிரோடு நிற்கும். பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் ஒரு இடி இடித்தால் இருபது கண்ணும் ஒரேயடியாகச் சரிந்து விழும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏற்றவேண்டும். அதுவும் வைகாசி வெயிலில், கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் ஒருநாளும் காணாத பனிக்காகக் குழந்தைத் தொப்பி பின்னினோம். உள்ளங்கை வேர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொப்பியைப் போட எந்தக் குழந்தை தலையைக் கொடுத்ததோ தெரியாது.

குரோசே வேறு. அதைக் கண்ட அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கொக்கி. எந்த நேரமும் ஒரே ஒரு கண்தான் அதில் உயிரோடு இருக்கும். பின்னி முடித்ததெல்லாம் படுத்துத் தூங்கிவிடும். எண்ணிக்கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால், வட்டமோ சதுரமோ பூவோ கேட்டபடி வரும். ஆனால் முதல் கிழமை நான் ஒரு பெரிய பிழை விட்டேன். கொக்கியால் கண்ணை இழுத்து எடுத்ததும் என் கை சும்மா இருக்காது. நூலை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணின் கழுத்தை இறுக்கிப் பூட்டிவிடும். வலை கட்டுகிறபோது ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சுப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போடாத கண்ணை அப்படியே விட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. என் துண்டு பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

ரீச்சர் அதை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்குக் காட்டினார்.

"உதென்ன, சூடை மீன் பிடிக்கிற வலையோ? கொப்பர் பழக்கினவரோ?"

வகுப்பு சிரித்தது. மாமா வீட்டு விலாசக்காரிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். நான் அன்று வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் கரண்டி, கிண்ணம் எல்லாவற்றையும் போட்டு இடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரியாது. கொக்கி ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உவ்வளவு சின்னத் தூண்டிலோ? உதிலை என்ன மீன் பிள்ளை பிடிக்கிறது?" என்றார்.

அம்மா சிரித்தாள். அண்ணை சிரித்தான். நான் கொக்கியைப் பறித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டேன். என்னோடு படிக்கிற முப்பத்தொன்பது பிள்ளைகளின் தகப்பன்மாரில் ஒருவராவது குரோசே ஊசியைத் தூண்டில் என்று சொல்லியிருப்பாரா என்று யோசித்து யோசித்துக் கோபப்பட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கிழிந்த வலையை ஊசியால் கட்டிச் சரிப்படுத்துவதை நாங்கள் பொத்துதல் என்போம். அப்பா முற்றத்தில் இருந்து வலை பொத்துவார். பொத்தி முடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். பிறகு அந்த வழியால் போகிறவர் யாராக இருந்தாலும், பெரியப்பாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பொத்தின இடத்தைக் கையில் எடுத்து நன்றாக ஒரு இழுவை இழுத்துப் பார்ப்பார்கள். கட்டினவர் தன் முடிச்சைத் தானே சோதிக்கக்கூடாது, மற்றவர் கைதான் சோதிக்கவேண்டும் என்பது கணக்கு. ஒரு முடிச்சு வழுக்கினால் அடுத்தது பிடிக்கிறதா என்று தொடர்ந்து இழுத்துப் பார்ப்பார்கள். பிடிக்கிற முடிச்சு வந்ததும், அதற்கு இந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் திரும்பக் கட்டுவார்கள். ஒருவருடைய வேலையை இழுத்துப் பார்க்காமல் போனால், அந்த வேலையைப் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம்.

அப்பா இதை வலையோடு நிறுத்தவில்லை. கொடிக்கயிறு, வாளிக்கயிறு, என் புத்தகப் பையின் வார், எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டால் வாசற் படலையடியில் நின்று என் இரட்டைப் பின்னலையும் ரிபனையும் ஒவ்வொரு தரம் இழுத்துவிட்டு, "ஓம், போம்," என்பார். எனக்குத் தலை நோகும். கத்துவேன். அவர் சிரிப்பார்.

அந்தத் தவணை முடிவில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். வகுப்பில் யாருடைய மேசைவிரிப்பு திறமாக இருக்கிறதோ அதைப் பிரதம விருந்தினரின் மேசையில் விரிப்பது என்று ரீச்சர் சொன்னார். எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த மேசையில் என்னுடையதுதான் கிடக்கவேண்டும். சூடை வலை என்று சிரித்த அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்று பார்க்கவேண்டும். கையை அடக்கி, முடிச்சுப் போடுகிற பழக்கத்தை விட்டேன். மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில், இடைவேளைகளிலும் கைவேலைப் பாடத்திலுமாகச் சுற்றுச் சுற்றாக வளர்த்தேன். நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றி வலைக்கட்டம், ஓரத்தில் விசிறி விசிறியாக. மொத்தம் பதினாலு சுற்று. எட்டாம் சுற்றில் ரீச்சர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வடிவாத்தான் வருது. ஆனால் உதை வீட்டை கொண்டுபோகாதை. உங்கடை வீட்டிலை வைச்சால் மீன் வெடுக்குப் பிடிச்சிடும். வெள்ளை நூலெல்லோ."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் ரீச்சர்," என்றேன். அது சரியான பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. என்னுடைய விரிப்பில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று பெருமைப்படவும் செய்தேன். இன்றைக்கு அந்த "ஓம் ரீச்சர்" நினைவுக்கு வந்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமையும் இன்னும் இரண்டு சுற்றுப் பாக்கி இருந்தது. வேறு வழியில்லாமல் ரீச்சர் விரிப்பை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுத் தந்தார். கடைசி முடிச்சு மட்டும் போடக்கூடாது என்றார். குரோசேயில் முடிவில் போடுகிற அந்த ஒரே முடிச்சைப் பிள்ளைகள் போட்டுப் பழுதாக்கிவிடுகிறார்களாம். திங்கட்கிழமை தானே போடுவாராம். கடைசிக் கண்ணை நீளமாக இழுத்து அப்படியே விடச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் பதினாலாம் சுற்று முடிந்தது. நான் பாயில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் விரிப்பை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோவன், பிள்ளை பின்னிக் கிடக்கிறதை."

அப்பா வலையை வைத்துவிட்டு வந்தார். சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு குந்தியிருந்து விரிப்பை இரண்டு கையாலும் எடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண் எல்லாம் ஒரே அளவு," என்றார். எங்கள் கரையில் அதற்குமேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. பெரியப்பாவின் வலையைக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லிவிட்டு, ஓரத்தில் தொங்கின நூலைப் பிடித்து இழுத்தார்.

ஒரு விசிறி போயிற்று. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு முடிச்சு வழுக்கிவிட்டது, அடுத்தது பிடிக்கும் என்று நினைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். இரண்டாவது விசிறி, மூன்றாவது விசிறி. பிடிக்கிற முடிச்சைத் தேடிக் கை நீளமாக வீசி வீசி இழுத்தார். விரிப்பு அவர் கையில் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை. கனவில் கத்துகிற மாதிரி வாய் திறந்தபடி நின்றேன். சத்தம் வந்தபோது ஐந்து சுற்றுப் போய்விட்டிருந்தது. வெளிச்சுற்றுகள்தான் பெரியவை, பாதிக்கு மேல் வேலை நூலாகி அவர் மடியில் குவிந்து கிடந்தது.

"விடுங்கோ! விடுங்கோ அப்பா!"

அவர் திடுக்கிட்டுக் கையை விட்டார். நூலைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார்.

"முடிச்சில்லையே பிள்ளை," என்றார். "எங்கையும் ஒரு முடிச்சும் இல்லையே."

அதைக் கேட்டு அண்ணை சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குள் நெருப்பைக் கொட்டிவிட்டது. என் கண்ணில் அப்பா தெரியவில்லை. பிரதம விருந்தினரின் மேசை வெறுமையாகக் கிடந்தது, வகுப்பு முழுவதும் சிரித்துக்கொண்டு நின்றது. நான் கத்தினேன்:

"உங்கடை மீன் வெடுக்குக் கையாலை ஏன் என்ரை நூலைத் தொட்டனியள்? ஆர் தொடச் சொன்னது? இனி என்ரை ஒண்டிலையும் தொடாதேங்கோ! நாறுது!"

வார்த்தை என்னுடையது அல்ல, ரீச்சருடையது. ஆனால் வாய் என்னுடையதுதான்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அண்ணையின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா விரிப்பை மெல்லத் துணிமேல் வைத்தார். மடியில் கிடந்த நூலை எடுக்கக் கையைக் கொண்டுபோனவர், எடுக்காமல் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். நான் அறைக்குள் ஓடிப்போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். வெளியிலிருந்து அவருடைய குரல் கேட்டது. அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பிடிச் சுத்தாதை, சிக்குப்படும். மற்றப் பக்கத்தாலை பிடி. மெல்ல... ஓம், அப்பிடித்தான். பார், நூல் ஓரிடமும் அறேல்லை."

தானே சுற்றினால் ஒரு நிமிட வேலை. ஏன் அம்மாவைப் போட்டு வதைக்கிறார் என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அன்று பின்னேரமும் ஞாயிறு முழுவதும் அழுது அழுது திரும்பப் பின்னினேன். சுட்டுவிரல் நுனி கொக்கி குத்திக் குத்திப் புண்ணாகிவிட்டது. ஐந்து சுற்றும் வந்தன. உள்ளதைச் சொன்னால், இரண்டாம் முறை பின்னினது முதல் முறையைவிட நன்றாகவே வந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கோபத்தை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அப்பா அந்த இரண்டு நாளும் அறைப் பக்கம் வரவேயில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் விரிப்பைப் பையிலிருந்து எடுத்தார். முதல் வேலையாக மூக்கில் வைத்து மணந்தார். "பரவாயில்லை," என்றார். எனக்கு உயிர் வந்தது. கடைசிக் கண்ணுக்குள் நூலை விட்டு இறுக்கிக் கத்தரியால் நறுக்கினார்.

செவ்வாய்க்கிழமை பிரதம விருந்தினரின் மேசையில் என் விரிப்பு கிடந்தது. கனவு கண்டது நடந்துவிட்டது. பிரதம விருந்தினர் வந்து இருந்து அதன் நடுப்பூவின்மேல் சோடாக் கிளாசை வைத்தார். ஒரு மணித்தியாலம் பேசினார். அவர் போனபிறகு பூவில் ஒரு மண்ணிற வட்டம் தெரிந்தது. அதற்கு மட்டும் ஏனோ எனக்குக் கோபம் வரவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கிற நேரம் அப்பாவும் வந்தார். கோயிலுக்கு உடுக்கிற வேட்டி, நீளக்கைச் சட்டை. மேசையடியில் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவரிடமிருந்து தேசிக்காய்ப் புளி மணந்தது, ஊறுகாய்ச் சாடியைத் திறந்தமாதிரி. அம்மா குடிக்கத் தண்ணி கரைத்துக் கொடுத்திருப்பாள், கையில் ஊற்றிக்கொண்டாராக்கும் என்று நினைத்தேன். யாரோ ஒரு டொக்டரின் மனைவி விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, விரலால் தடவிப் பார்த்து, "நல்லாயிருக்கு," என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். ரீச்சர் சிரித்தார். பிறகு அப்பாவைக் கண்டார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விறுவிறு என்று வந்தார்.

"ஐயா, தொடாதேங்கோ. வெள்ளை நூல்."

"ஓம் ரீச்சர். தொடேல்லை," என்றார் அப்பா.

உண்மைதான். அவருடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு. அவர் வரும்போதே அப்படித்தான் வந்தார். ரீச்சர் போனபிறகு என் காதுக்குக் கிட்டக் கேட்டார்.

"இப்ப முடிச்சுப் போட்டாச்சோ பிள்ளை?"

"ஓம்."

"ஆர் போட்டது?"

"ரீச்சர்."

"ஆரும் இழுத்துப் பாத்தவையோ?"

"இல்லை."

"நீயெண்டாலும் ஒருக்கா இழுத்துப் பாரன்," என்றார்.

"சும்மா இருங்கோ அப்பா, ஆக்கள் பாக்கினம்," என்றேன். அவர் சும்மா இருந்தார். இந்த முறையாவது கையை அடக்கிக்கொண்டு வந்தாரே என்று எனக்குப் பெரிய நிம்மதி. என் கத்தலுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அந்த ரீச்சரை இப்போதும் இடைக்கிடை பருத்தித்துறை பஸ் நிலையத்தில் காண்பேன். "உனக்குக் குரோசே பழக்கினது ஆர் சொல்லு பாப்பம்?" என்று கேட்பார். அப்போது என் வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அது வேறு கோபம், என்மேலேயே.

அந்தத் தவணை முடிந்து புதுத் தவணை தொடங்கினது. காலையில் நான் வெளிக்கிடும்போது அப்பா படலையடியில் நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "ஓம், போம்," என்பார். நான் போவேன். தலை நோகவில்லை, கத்தவேண்டிய தேவையும் இல்லை. நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன், அதுதான் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் இரண்டு முறை என் ரிபன் வழியில் அவிழ்ந்து விழுந்துவிட்டது. இரண்டாம் முறை மழைச் சேற்றில் விழுந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கப் பின்னல் குலைந்து கிடக்க வகுப்புக்குப் போய் ஏச்சு வாங்கினேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை பிடித்தேன். இந்தக் கடை ரிபன் கூடாது, வழுக்குது, முந்தி வாங்கினது ஒருநாளும் இப்படி அவிழ்ந்ததில்லை, வேறு கடையில் வாங்கித் தாங்கோ என்று காலை உதைத்துக் கத்தினேன். அப்பா முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா ஒருதரம் அவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த சந்தைநாளில் வேறு ரிபன் வாங்கித் தந்தாள்.